இரண்டாம் ஓலை

சொந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஓட்டலில் அறை எடுத்துத் தங்கிய மனிதரைக் காரைக்கால் அதற்கு முன் பார்த்திருக்காது. மரியசூசை அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி சலோமியைப் பின்னால் உட்காரவைத்து, காலடியில் ஒரு பெட்டியை நிறுத்திக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். எதிர்வீட்டு பத்ருன்னிசா, "எந்த ஊருக்குக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள். கடைத்தெருவைத் தாண்டி இரண்டு தெரு தள்ளி என்று எப்படிச் சொல்வது? "இங்கதான், பக்கத்துல" என்று சலோமி முணுமுணுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஓட்டல், பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் ஒரு கப்பல் வியாபாரி கட்டிய வீடு. இரண்டு ஆள் உயரத்துக் கதவுகள், நடுவில் வானம் தெரிகிற முற்றம், மாடிக்குப் போகத் தேக்கு மரப் படி. வெகுகாலம் வௌவால்கள் அனுபவித்துக்கொண்டிருந்த வீட்டைப் புதுச்சேரிக்காரர் ஒருவர் வாங்கி, சுண்ணாம்பு பூசி, ஏசி வைத்து ஓட்டலாக்கியிருந்தார். வெளியூர் ஜனங்கள் தேடி வந்ததற்கு வீடு பாதிக் காரணம், சாப்பாடு பாதிக் காரணம். குரும்பகரத்தில் ஓட்டலுக்கென்றே ஒரு தோட்டம் இருந்தது. அங்கே விளைவதைத்தான் இங்கே சமைப்பார்கள். 'காலையில் செடியில், மதியம் இலையில்' என்று வாசலில் ஒரு பலகையே மாட்டியிருந்தார்கள்.

மரியசூசைக்கு வீட்டின் அழகும் வேண்டாம், இலையில் விழுவதும் வேண்டாம். அவர் வந்தது அந்தச் சமையற்கட்டின் தலைமைச் சமையல்காரன் ஜான்பீட்டரை இரண்டு நாள் கூட இருந்து பார்ப்பதற்காக. ஜான்பீட்டருக்கும் அவருடைய ஒரே மகள் கிறிஸ்டிக்கும் தவக்காலம் தொடங்குவதற்குள் (தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள்) கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இந்த ஞாயிறு இரண்டாம் ஓலை.

ஓலை என்றால் வேறொன்றுமில்லை. இன்னார் மகளும் இன்னார் மகனும் மணம் முடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவியுங்கள் என்று பூசை முடிவில் மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள். முக்கால்வாசிப் பேர் அதைக் காதில்கூட வாங்குவதில்லை, செருப்பு எங்கே விட்டோம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். மரியசூசை மட்டும் அந்த வார்த்தைகளைக் கேட்டால் யாராவது எழுந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்.

காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பும் கிறிஸ்டிக்கு ஓலை வாசித்தார்கள். பையன் கப்பலில் வேலை. விசாரித்த இடமெல்லாம் தங்கமான பையன் என்றார்கள். இரண்டாம் ஓலை வாசித்த அதே வாரம், 'நான்தான் அவன் பெண்டாட்டி' என்று சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து சாமியார் வீட்டு வாசலில் நின்றாள். அடுத்த ஞாயிறு மற்ற ஜோடிகளின் பெயரை வாசித்துவிட்டுச் சாமியார் தாளை மடித்தபோது கோயிலில் இருந்த அத்தனை தலையும் இவர்கள் பக்கம் திரும்பியது. கிறிஸ்டி அன்றைக்கு முழந்தாளிட்டவள் கூட்டம் கலைகிற வரை எழுந்திருக்கவே இல்லை.

அவர் மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 'லைன் ஆஃப் பண்ணியாச்சு சார்' என்று போனில் யாராவது சொன்னால் நம்பவே மாட்டார். தானே வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணால் பார்த்து, கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்டரை வைத்துப் பார்த்து, அப்புறம்தான் ஆளைக் கம்பத்தில் ஏற விடுவார். அவர் பொறுப்பில் இருந்தவரை ஒருத்தனுக்கும் ஷாக் அடித்ததில்லை. அவரால் நிரவிப் பக்கம் கரண்ட் எப்போதும் தாமதமாக வரும், ஜனங்கள் அவர் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள் என்பது வேறு விஷயம். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குணம் வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கேஸ் மூடியாச்சா, கதவு பூட்டியாச்சா, மோட்டார் நிறுத்தியாச்சா என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்பார் என்று அவருக்கே தெரியாது. இவருக்குச் சந்தேக வியாதி என்பாள் சலோமி. எனக்கு அது சந்தேகமாகத் தெரியவில்லை. பயம், வெறும் பயம்.

ஓட்டலில் தங்குவதற்குச் சாக்கு வேண்டுமே? கல்யாண நாள் என்று சொல்லிவிட்டார். "மே மாசத்துக் கல்யாணத்தப் பொங்கல் முடிஞ்ச கையோட கொண்டாடற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்று சலோமி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜான்பீட்டர் வாசலுக்கே ஓடி வந்தான். ஒடிசலான உடம்பு, வெள்ளைக் கோட்டு, மேலுதட்டில் வியர்வை. "வாங்க மாமா, வாங்க அத்தை. மேல மூலை ரூம் போட்டிருக்கேன், காத்து நல்லா வரும்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். வாங்கிய கை நடுங்கியதை மரியசூசை பார்த்துவிட்டார். குளிர் காலத்தில் எதற்கு வியர்வை, நடுங்க என்ன இருக்கிறது? பெண் வீட்டார் வந்து உட்கார்ந்தால் எந்தப் பையனுக்கும் நடுங்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அறையைப் பார்த்ததும் சலோமிக்கு வந்த காரியம் மறந்துபோனது. "என்னங்க, இந்தக் கட்டில்ல ஏறணும்னா ஏணி வேணும் போலருக்கே" என்று சிரித்தபடி ஏறி உட்கார்ந்தாள். யாரோ கதவைத் தட்டிக் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து தானே போடாத காபியை அவள் குடித்தது ஆஸ்பத்திரியில் மட்டும்தான். அவள் அதை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டிருந்தபோது மரியசூசை ஜன்னலில் நின்று தங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்ததும் கேஸ் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூடித்தான் இருந்தது.

முற்றத்தில் மேசை போட்டு இலையில் இரவுச் சாப்பாடு. வஞ்சிர மீன் குழம்பு, முருங்கைக்கீரை, எண்ணெய்க் கத்திரிக்காய். பக்கத்து மேசையில் சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி. அந்த அம்மாள் கத்திரிக்காயை ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது எப்பப் பறிச்சது?"

"இன்னிக்குக் காலையிலங்க. நம்ம குரும்பகரம் தோட்டத்துலதான்" என்றான் ஜான்பீட்டர்.

சொன்னவன் அந்த அம்மாளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். மரியசூசை கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டார். கப்பல்காரனும் இப்படித்தான் பேச்சுக்கு நடுவே எங்கேயாவது பார்ப்பான். அன்றைக்கு அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டவர் அவர்தான்.

அந்த நேரம் பார்த்துக் கல்யாண நாளுக்கு என்று கேக் வந்தது. முற்றமே கை தட்டியது. சலோமி கூனிக் குறுகிக் கத்தியைப் பிடித்தாள். சென்னை அம்மாள் வந்து கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னபோது மரியசூசை நன்றி நன்றி என்று நாலு தடவை சொன்னார்.

சனிக்கிழமை காலை விருந்தாளிகளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவது ஓட்டலில் வழக்கம். அவரவர் கையால் பறித்தது மதியம் இலைக்கு வரும். அன்றைக்கு இல்லை என்றான் ஜான்பீட்டர். "ரோடு ஒரே சேறு மாமா, வண்டி போவாது."

குரும்பகரம் போகிற நெடுங்காடு ரோட்டில் எத்தனை கம்பம், எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது என்பது வரை தெரிந்த மனுஷனிடம் இதைச் சொன்னால் எப்படி? பொங்கலை ஒட்டிக் காலம் தப்பி ஒரு மழை கொட்டியது உண்மை. அதற்காக ரோடு கெட்டுப்போகவில்லை, தார் ரோடு. "கேஸை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று சலோமியிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் குரும்பகரத்துக்கு விட்டார்.

தோட்டத்தைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. ஓட்டல் பெயர் போட்ட பலகை நின்றது. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. பாத்திகளின் வரப்பு மட்டும் தெரிந்தது, நடுவில் கத்திரிச் செடிகள் தலை தொங்கிக் கறுத்துப்போயிருந்தன. முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரி அல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"கரண்ட்டாபீசு சார்தானே? இங்க எங்க சார்?"

"சும்மாதாம்மா. கத்திரி எல்லாம் என்ன ஆச்சு?"

"எங்க சார் கத்திரி? பொங்க மழைத் தண்ணி இன்னும் வடியல. எல்லாம் வேர் அழுவிப் போச்சு. வரப்போரத்துல நிக்கிற முருங்கையில கீரை மட்டும்தான் ஓட்டலுக்குப் போவுது. மத்ததெல்லாம் சமையக்காரத் தம்பி மார்க்கெட்டுல வாங்கிக்குது."

அவ்வளவுதான். மரியசூசை ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். விஷயம் வெறும் கத்திரிக்காய்தான். ஆனால் ஒருத்தி கண்ணை மூடி ரசித்துச் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று அப்படிப் பொய் சொல்கிறவன், காலையில் தார் ரோட்டைச் சேறு என்று சொல்கிறவன், நாளைக்குத் தன் மகளிடம் என்ன சொல்ல மாட்டான்? தடவித் தடவிப் பார்த்துக் கடைசியில் டெஸ்டர் எரிந்துவிட்டது என்றே அவருக்குப் பட்டது. கம்பத்தில் இருப்பவளை உடனே இறக்க வேண்டும். வண்டியைத் திருப்பி நேரே பங்குச் சாமியார் வீட்டுக்குப் போய் நின்றார்.

"சாமி, நாளைக்கு எங்க ஓலைய வாசிக்க வேணாம்."

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏன், தடை ஏதாவது தெரிய வந்துச்சா?"

கத்திரிக்காய் என்ற வார்த்தை மரியசூசையின் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு பெரிய மனுஷன் சாமியார் முன்னால் நின்று அதை எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டார். "ஒரு விஷயத்தச் சரிபாக்கணும் சாமி. ஒரு வாரம் தள்ளிப் போடுங்க."

"மரியசூசை, ஏற்கெனவே ஒரு தடவை அந்தப் பொண்ணு பட்டது போதாதா?"

"அதனாலதான் சாமி கேக்கறேன்."

சாமியார் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு தோண்டவில்லை. "சரி, வாசிக்கல. ஆனா இன்னிக்கே கிறிஸ்டிகிட்ட நீங்க சொல்லிடணும். கோயில்ல வந்து அது தெரிஞ்சுக்கக் கூடாது."

"சொல்லிடறேன் சாமி" என்றார் மரியசூசை. ஓட்டலுக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரு நிம்மதிகூட இருந்தது என்றால் நம்புவீர்களா?

மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டல் முதலாளியும் வந்து ஓரத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். இலை போட்டாயிற்று. பரிமாற வேண்டிய ஜான்பீட்டர் முற்றத்து நடுவில் வந்து நின்று கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும் மன்னிக்கணும். நேத்து ராத்திரி போட்ட கத்திரிக்கா எங்க தோட்டத்துது இல்லீங்க. மழையில செடியெல்லாம் அழுகிப்போச்சு. மார்க்கெட்டுல வாங்கினதத்தான் தோட்டத்துதுன்னு சொன்னேன். ரோடு சேறுன்னதும் பொய்தான். இன்னிக்கு இலையில கீரை மட்டும்தான் எங்களுது. மத்ததெல்லாம் வாங்கினது."

சென்னை அம்மாள், "ருசி நல்லாத்தான் இருந்தது" என்றாள். அவள் வீட்டுக்காரர், அப்புறம் எதற்கு வாசலில் அந்தப் பலகை என்று சலித்துக்கொண்டார். முதலாளி எழுந்து சமையற்கட்டுக்குள் போனார். போகும்போது ஜான்பீட்டரைப் பார்த்த பார்வையில் இனி நடக்கப்போவது எழுதியிருந்தது. உள்ளே போன அவன் வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். முகம் சிவந்திருந்தது. நேராக இவர்கள் மேசைக்கு வந்தான்.

"வேலைக்கு ஆபத்து ஒண்ணுமில்லையே தம்பி?" என்று சலோமி பதறினாள்.

"திட்டு செமையா கெடைச்சுது அத்தை. தோட்டம்னு சொல்லித்தான் கூட்டம் வருது, எதையாவது சொல்லிச் சமாளின்னு அவர்தான் சொல்லியிருந்தாரு. பாப்போம்." பிறகு மரியசூசையின் பக்கம் திரும்பினான். "கிறிஸ்டிகிட்ட செடி அழுகினத வியாழக்கெழமையே சொல்லிட்டேன் மாமா. அது, எங்கப்பா வந்து உக்காந்து சாப்புடறப்பப் பொய் சொல்லாதீங்கன்னுச்சு. நேத்து முதலாளி பயத்துல வாய் தவறிடுச்சு. ராத்திரி பூரா தூக்கம் வரல. மனசுல வச்சுக்காதீங்க."

மரியசூசை இலையைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினார். அவன் நகர்ந்ததும் சலோமி குனிந்து, "நாமளும் கல்யாண நாள் விஷயத்தச் சொல்லிடலாமா?" என்றாள். "சும்மா இரு" என்றவரின் குரல் அவருக்கே கேட்கவில்லை. பொய் சொன்னதை ஊர் முன்னால் ஒப்புக்கொள்கிற பிள்ளையைத் தேடி மூன்று வருஷம் அலைந்தவர், அப்படி ஒருத்தனின் ஓலையைக் காலையில்தான் தன் வாயால் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

இலையை மூடிவிட்டுச் சாமியார் வீட்டுக்கு ஓடினார். சாமியார் போலகம் பக்கம் ஒரு கிளைக்கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார். ஞாயிறு காலைதான் வருவார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "என்ன சேதி சொல்லுங்க, வந்ததும் நான் சொல்லிடறேன்" என்றார் கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளை. அவர் வாயில் ஒரு சேதி விழுந்தால் பூசை மணி அடிக்கிறதுக்குள் நிரவி வரைக்கும் எட்டிவிடும். "ஒண்ணுமில்ல, சும்மாதான் வந்தேன்" என்று திரும்பிவிட்டார்.

சாயங்காலம் அறையைக் காலி செய்துகொண்டு வீட்டுக்கு வந்தார்கள். கிறிஸ்டி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தவள் மறுநாள் கட்டப்போகிற பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி அவர் கேட்டு எத்தனை நாளாயிற்று! கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, "கிறிஸ்டி" என்றார்.

"என்னப்பா?"

"மோட்டார் நிறுத்தியாச்சா?"

"நிறுத்தியாச்சுப்பா" என்று அவள் சிரித்தாள். அவர் போய்ப் படுத்துக்கொண்டார். எல்லாருக்கும் முன்னால் எழுந்து, பூசைக்கு முன்பே சாமியாரைப் பிடித்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு காலை அவர்தான் கோயில் வாசலில் முதல் ஆள். சாமியாரின் கார் வரவில்லை. கூட்டம் சேர்ந்தது, வரவில்லை. பாடகர் குழு பாட்டை ஆரம்பித்த பிறகுதான் வந்தது. சாமியார் இறங்கிய வேகத்தில் உடுப்பை மாட்டிக்கொண்டு பவனியில் சேர்ந்துவிட்டார். "சாமி" என்று மரியசூசை கை நீட்டினார். அவர் புன்னகையோடு சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் பீடத்தை நோக்கிப் போய்விட்டார்.

அன்றைய பூசையில் எந்த வாசகம் வாசித்தார்கள், என்ன பிரசங்கம் நடந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆண்கள் பக்கத்தில் இரண்டு பெஞ்சு முன்னால் ஜான்பீட்டரின் முதுகு தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் சலோமியை ஒட்டிக் கிறிஸ்டி. நற்கருணை வாங்கி முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சாமியார் தாளைப் பிரித்தார். வேறொரு ஜோடியின் ஓலையை வாசித்தார். வாசித்துவிட்டுத் தாளை மடித்தார்.

யாரோ ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குப் பின்னால் இருந்தவள். அப்புறம் எல்லாரும். ஜான்பீட்டர் எழுந்திருப்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்து, பின்னால் திரும்பி அவரைப் பார்த்தான். கிறிஸ்டி யாரையும் பார்க்கவில்லை. அவள் மெல்லப் பெஞ்சிலிருந்து இறங்கி முழந்தாளிட்டாள்.

மரியசூசை எழுந்து நின்றார். கோயிலில் பாட்டுக்குக்கூடச் சத்தமாக வாயைத் திறக்காதவர்.

"சாமி, எங்க ஓலையையும் வாசிங்க. வேணாம்னு சொன்னது நான்தான். பொண்ணுக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது. தடை ஒண்ணும் இல்ல. எனக்குப் பயம், அவ்வளவுதான்."

சாமியார் மடித்த தாளைப் பிரித்து நிதானமாக வாசித்தார். இந்தப் பங்கைச் சேர்ந்த மரியசூசை, சலோமி ஆகியோரின் மகள் கிறிஸ்டிக்கும் என்று கேட்டபோதுதான் அவருக்கு உட்கார வேண்டும் என்பதே நினைவுக்கு வந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது மணிக்கூண்டுக்குக் கீழே கிறிஸ்டி நின்றிருந்தாள். ஜான்பீட்டரைக் கொஞ்சம் தள்ளிப் போய் இருக்கச் சொல்லிவிட்டு அப்பாவிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது.

"ஏம்ப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லியா?"

"இல்லம்மா, நான் பாத்தப்ப அது..."

"போன தடவையும் ஊரெல்லாம் போய் விசாரிச்சீங்க. அந்தக் கப்பல்காரன்கிட்ட போன்ல பேசினப்பவே எனக்கு ஏதோ சரியில்லன்னு பட்டுச்சுப்பா. நீங்க கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

மூன்று வருஷமாக மரியசூசை எத்தனை பேரைக் குறை சொல்லியிருப்பார். தப்பாகச் சொன்னவர்களை, மறைத்தவர்களை, நல்ல பையன் என்று சிபாரிசு செய்தவர்களை. தெரிந்தவள் அத்தனை நாளும் அடுத்த அறையில்தான் இருந்தாள்.

கிறிஸ்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க காலையில வராம சாயங்காலப் பூசைக்குப் போயிடுங்கப்பா. மூணாம் ஓலைய மட்டும் நான் பயமில்லாம உக்காந்து கேக்கணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் கெஞ்சித்தான் கேட்டாள்.

"சரிம்மா" என்றார் மரியசூசை.